குழியை வெட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களையும் பழைய கணினி விளையாட்டுகளையும் மறுபடி வெளியிட்டு விற்கும் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பிரிவினர்.

வணக்கம்.

சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் 1997-ல் வந்த அத்தியாயம் ஒன்றுக்குப் பெயரே 'சாலைக் குழி'. ஜார்ஜின் சாவிக்கொத்து குழிக்குள் விழுந்துவிடுகிறது. சாலைப் பணியாளர்கள் அதன்மேல் தார் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜார்ஜும் ஜெர்ரியும் நின்று குனிந்து பார்க்கிறார்கள். 2021 அக்டோபரில் அந்தத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் 16:9 வடிவத்தில் ஏறியபோது இருவரும் இருந்தார்கள், குனிந்த பார்வையும் இருந்தது, குழியைத்தான் காணோம். அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தை மேலும் கீழும் சீவியதில் அது போயிற்று. குழி வெட்டுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். குழியையே வெட்டியவர்கள் நீங்கள்தான்.

இது ஒரே ஒரு கைத்தவறு அல்ல. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது தி சிம்ப்சன்ஸ் தொடரின் பழைய அத்தியாயங்களும் இதேபோல் சீவப்பட்டே வந்தன. அதில் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெயர் எழுதிய மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே பார்த்தால் ஒரே குழாய் கிளை பிரிந்து வருகிறது. அவ்வளவுதான் நகைச்சுவை, ஒருவரும் வாய் திறந்து விளக்குவதில்லை. மேல்பக்கத்தைச் சீவியதும் குழாய் மறைந்து, மூன்று பீர் தொட்டிகள் மட்டும் மிஞ்சின. பார்த்தவர்கள் சத்தம் போட்டார்கள். 2020 மே மாதம் பழைய டிவிப் பெட்டியின் 4:3 வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. ஆகவே, செய்ய முடியாத காரியம் எதையும் இந்த மடலில் கேட்கவில்லை.

சிரிப்பு இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. படச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அது எந்தக் கணத்தில் வந்து விழுகிறது என்பது மற்றொன்று. 1950-களிலிருந்து 1990-கள் வரை வந்த தொடர்களும் விளையாட்டுகளும் பெரும்பாலும் ஒரே கண்ணாடிக்காக, 4:3 பிக்சர் ட்யூபுக்காகச் செய்யப்பட்டவை. அதனால்தான் அவற்றைக் கெடுக்கும் தவறுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொடர்களைக் கையாள்பவர்கள் ஒரு கட்டடத்திலும் விளையாட்டுகளைக் கையாள்பவர்கள் வேறு கட்டடத்திலும் இருப்பதால், ஒருவர் கண்டுபிடித்த மருந்து மற்றவருக்குப் போய்ச் சேருவதில்லை. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் வடிவம்.

பிலிமில் எடுத்த தொடர்கள் உண்டு, வீடியோ டேப்பில் எடுத்தவை உண்டு. ஐ லவ் லூசி 1951-ல் தொடங்கியபோதே 35 மி.மீ. பிலிமில், மூன்று கேமராக்களை வைத்து, நேரடிப் பார்வையாளர்களுக்கு முன்னால் படமாக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். அது இன்றைக்கும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அந்த முடிவுதான். சைன்ஃபெல்டும் 35 மி.மீ.தான். இப்படிப்பட்ட நெகட்டிவில் இடமும் வலமும் கொஞ்சம் கூடுதல் படம் இருக்கும். அதைக் காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கூடுதலால் மட்டும் 16:9 நிரம்பாது. மீதிக்கு மேலேயும் கீழேயும் கைவைக்கிறீர்கள். இயக்குநர் காட்டாமல் விட்டது உள்ளே வருகிறது, காட்டியது வெளியே போகிறது.

வீடியோ டேப்பில் அந்தக் கூடுதலும் கிடையாது. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அதை 16:9 ஆக்கினால் 432 வரிதான் மிஞ்சும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையின் 480 வரி 360 ஆகும். கால்வாசிப் படத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை ஊதிப் பெரிதாக்கி 'உயர் தெளிவு' என்று அட்டையில் அச்சடிக்கிறீர்கள்.

சரியான கணக்கு எளிது. 1080 வரித் திரையில் படம் 1440×1080, இருபக்கமும் 240 பிக்சல் கருப்பு. 720×576 என்று கோப்பில் இருக்கும் பால் படத்தின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல என்பதை மறந்து அப்படியே பெரிதாக்கினால் எல்லோரும் சற்று ஒல்லியாகிவிடுவார்கள். இருபக்க ஓரத்திலும் எட்டு பிக்சல் அளவுக்குப் படமே இல்லாத கருப்பு இருக்கும். அதை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் காலத்து டிவிப் பெட்டிகள் நாலா ஓரத்திலும் படத்தில் கொஞ்சத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தன. அதனால் எப்போதாவது மேலே மைக் எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும்.

இனி விளையாட்டு. ஐபிஎம் பிசி-யில் விஜிஏ (VGA) என்ற திரைக்காட்சி முறை இருந்த காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை 320×200 பிக்சல், 256 நிறம். 320-ஐ 200-ஆல் வகுத்தால் 1.6 வரும். ஆனால் அது ஓடிய மானிட்டர் 4:3. படம் மானிட்டரை நிறைத்தது என்றால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது என்று பொருள். ஓவியர்களும் அதைக் கண்ணால் பார்த்துத்தான் வரைந்தார்கள். நீங்கள் அதைச் சதுரப் பிக்சலாகக் காட்டும்போது எல்லா மனிதர்களும் குள்ளமாகிறார்கள், நிலா முட்டை வடிவமாகப் படுத்துவிடுகிறது. 16:9-க்கு இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. 1600×1200 திரை என்றால் அதிர்ஷ்டம்: அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு, மிச்சமில்லாமல் பொருந்தும். 4கே திரையில் அப்படிப் பொருந்தாது. 2880×2160 வேண்டும் என்று நேரடியாகப் பெரிதாக்கினால் சில பிக்சல் வரிசை 10 புள்ளியும் சில 11 புள்ளியுமாக வரும். பின்னணி நகரும்போது அலை அடிப்பதுபோல் துடிக்கும். அதற்குப் பதிலாக, முதலில் கூர்மை மாறாமல் 10×12 மடங்காக, அதாவது 3200×2400-க்குப் பெரிதாக்குங்கள். பிறகு அதை மென்மையாக 2880×2160-க்குச் சுருக்குங்கள். ஓரங்கள் ஒரு புள்ளி அளவுக்குத்தான் குழையும், அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் பழைய 0.74 பதிப்போடு கட்டி விற்பவர்கள் அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' வரியை 'ட்ரூ' ஆக்க வேண்டும். தானாக இருப்பது 'ஃபால்ஸ்'. விற்பனைக்கு வரும் பல பொதிகளில் அந்த ஒரு சொல்லை மாற்றக்கூட ஆள் இல்லை.

ஸ்கேன்லைன், அதாவது பட வரிகளுக்கு இடையே தெரியும் கருப்புக் கோடு பற்றியும் சொல்லியாக வேண்டும். 'பழைய திரை உணர்வு' என்று ஒரு பொத்தான் வைத்து, எல்லா விளையாட்டிலும் கருப்புக் கோடு போட்டுவிடுகிறீர்கள். கமடோர் 64, அமிகா போன்ற கணினிகள் வீட்டு டிவியில் ஓடியபோது அந்தக் கோடுகள் உண்மையிலேயே தெரிந்தன. விஜிஏ அப்படி அல்ல. அது 200 வரியில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வரைந்து 400 வரியாக மானிட்டருக்கு அனுப்பியது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. விஜிஏ விளையாட்டில் தடித்த கோடு போடுவது இல்லாத பழமையைப் பூசுவது.

இதற்கு நேர்மாறான குற்றம் வழவழப்பாக்கும் வடிகட்டி. விஜிஏ-க்கு முன்பு, 16 நிறம் மட்டும் இருந்த இஜிஏ காலத்தில் ஓவியர்கள் இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து மூன்றாவது நிறத்தைக் கண்ணுக்குக் காட்டினார்கள். வழவழப்பாக்கும் வடிகட்டிக்கு அந்த நுட்பம் புரியாது. ஒவ்வொரு புள்ளியையும் தனி உருவமாக நினைத்து ஒன்றோடொன்று இணைக்கும்; வானம் புழு நெளியும் துணிபோல் ஆகிவிடும். தொடர்களில் இதே வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்கின்றன. மங்கலான டேப்பில் சுவரொட்டி எழுத்தும், பின்வரிசையில் நிற்பவர் முகமும் பத்துப் பதினைந்து பிக்சல்தான். கருவி அதை 'ஊகித்து' வரைகிறது. எழுத்து எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாகிறது, முகத்தில் கண் இடம் மாறுகிறது. மங்கலாக இருந்தபோது யாரும் கவனிக்காத மூலை, இப்போது சிரிப்பு வர வேண்டிய நேரத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கிறது.

அடுத்தது நேரம். அதிகம் கெடுவதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

வீடியோ டேப் தொடர்கள் வினாடிக்கு 25 படம் அல்ல. பால் முறையில் வினாடிக்கு 50 அரைப்படம்: முதலில் ஒற்றை வரிகள், பிறகு இரட்டை வரிகள் என்று மாறி மாறி. அந்த அரைப்படத்தைத்தான் ஃபீல்ட் என்கிறோம். ஒவ்வொரு ஃபீல்டும் தனிக் கணம். ஆகவே அசைவும் வினாடிக்கு 50 தடவை. இரண்டு ஃபீல்டைச் சேர்த்து ஒரு படமாக்கி 25 ஆகக் குறைத்தால் பாதி அசைவு தொலைகிறது. ஸ்டூடியோ நாடகம்போல் கண்முன் நடந்தது சினிமாபோல் விலகி நிற்கிறது.

இதில் என்ன போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அந்தக் கால பிபிசி நகைச்சுவைகளில் உள்காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோ டேப்பிலும், வெளிக்காட்சிகள் 16 மி.மீ. பிலிமிலும் எடுக்கப்பட்டன. கதவைத் திறந்து வெளியே போனால் படத்தின் தன்மையே மாறும். மக்கள் அதைக் கண்டுகொள்ளாமல் பழகியிருந்தார்கள். 1970-ல் மாண்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ் குழு அதையே எடுத்துக் கேலி செய்தது. அறையை விட்டு வெளியே வந்தவர் தான் பிலிமில் இருப்பதைக் கண்டு பதறி உள்ளே ஓடுகிறார். எந்த வாசல் வழியாகப் போனாலும் வெளியே பிலிம், எல்லோரும் சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறார்கள்! முழு அத்தியாயத்தையும் 25 படமாக்கிவிட்டால் உள்ளும் வெளியும் அசைவில் ஒன்றாகிவிடும். அவர் எதைக் கண்டு பதறுகிறார் என்பது இளைய பார்வையாளருக்குப் புரியாது. நீங்கள் அந்த நகைச்சுவையை வெட்டவில்லை, வசனம் முழுதாக இருக்கிறது. ஆனாலும் அது செத்துவிட்டது.

மருந்து: யாடிஃப், பிவ்டிஃப், க்யூடிஜிஎம்சி போன்ற எந்தக் கருவியானாலும் 'ஒரு ஃபீல்டுக்கு ஒரு படம்' என்ற தேர்வில் ஓட்டி, வினாடிக்கு 50 முழுப்படமாக வெளியிடுங்கள். பிலிம் பகுதியில் ஒவ்வொரு படமும் இரண்டு முறை வரும், அதனால் கேடில்லை, வேறுபாடு காப்பாற்றப்படுகிறது. முதலில் எந்த ஃபீல்ட் வருகிறது என்பதைச் சோதியுங்கள். பால் டேப்பில் வழக்கமாக மேல் வரி முதலில், டிஜிட்டல் வீடியோ (DV) கேசட்டில் கீழ் வரி முதலில். மாற்றிப் போட்டால் கையை வீசும் ஆள் இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாகத் துடிப்பார். பத்து வினாடி பார்த்தாலே தெரிந்துவிடும், பார்க்க ஒரு ஆள் இருந்தால்.

அமெரிக்க பிலிம் தொடர்களுக்கு இந்த மருந்து ஆகாது. அங்கே 24 பிலிம் படத்தை 60 ஃபீல்டுக்குள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று பரப்பியிருப்பார்கள். அதைப் பிரித்தெடுத்து 24-க்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். பிலிமில் எடுத்து டேப்பில் வெட்டி ஒட்டிய தொடர்களில் ஒவ்வொரு வெட்டிலும் அந்த வரிசை உடைந்திருக்கும். கருவி தடுமாறி, வெட்டு விழும் இடமெல்லாம் சீப்புப் பல்போல் கோடு விடும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பால் முறைதான் இருந்தது என்பதால் எங்களுக்கு நன்றாகப் பழக்கமான இன்னொரு நோய் உண்டு. 24 படப் பிலிமை 25-ல் ஓட்டிவிடுவது. 25 நிமிட அத்தியாயம் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியும் ஏறக்குறைய நான்கு சதவீதம் ஏறிவிடும். சுருதியை மென்பொருளால் இறக்கலாம், நேரத்தை இறக்க முடியாது. நேரடிப் பார்வையாளர் முன் நடிப்பவர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பு எழுந்து பாதி அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைப் போடுகிறார். அந்தக் காத்திருப்பில் நான்கு சதவீதத்தைக் களவாடினால் நடிகர் அவசரப்படுவதுபோல் தெரியும். இன்று பல திரைகள் 24-ஐ அப்படியே காட்டும். பிறகு எதற்கு இந்த ஓட்டம்?

விளையாட்டில் இதே நோய் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1989-ல் சியரா வெளியிட்ட லெஷர் சூட் லாரி வரிசையின் மூன்றாவது பாகத்தில் கதாநாயகன் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்க வேண்டும். எத்தனை தடவை என்பதைக் கணினியின் வேகத்தை அளந்து விளையாட்டே முடிவு செய்கிறது. எல்லாக் கணினியிலும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கட்டும் என்ற நல்லெண்ணம். பிற்காலக் கணினிகளின் வேகத்தில் அந்த எண்ணிக்கை மலைபோல் ஏறிவிட்டது. லாரி தூக்கிக்கொண்டே இருப்பான், ஆடுபவர் தூங்கிவிடுவார். வியர்வையைக் கேலி செய்ய வைத்த காட்சி, வியர்வையாகவே ஆகிவிட்டது. பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருள் வழியாக ஓட்டினால் இது திருத்தப்பட்டிருக்கும். டாஸ்பாக்ஸோடு கட்டினால் வேகத்தை நீங்கள்தான் பூட்ட வேண்டும்.

டாஸ்பாக்ஸில் வேகம் 'சைக்கிள்' என்ற எண்ணில் இருக்கிறது. தோராயமாக: முதல் ஐபிஎம் பிசி 300; 12 மெகாஹெர்ட்ஸ் 286 என்றால் 1,500; 33 மெகாஹெர்ட்ஸ் 386 என்றால் 6,000; 66 மெகாஹெர்ட்ஸ் 486 என்றால் 24,000. தானாக விட்டால் பழைய வகை நிரல்களுக்கு 3,000 எடுத்துக்கொள்ளும். 1984-ல் எழுதியதற்கு அது மிக வேகம், 1993-க்குப் போதாது. 1990-ன் விங் கமாண்டர் போன்றவை கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் பாயும். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு விழும். நிரல் எழும்போது 55 மில்லிவினாடிக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதி அதில் உண்டு. 200 மெகாஹெர்ட்ஸ் அளவைத் தாண்டிய கணினியில் விடை 65,535-க்கு மேல் போய்விடும், வைக்க இடமில்லை. சைக்கிளைக் குறைத்தால் எழுந்துவிடும். அல்லது அந்தப் பகுதியைத் திருத்திக் கட்டுங்கள். விளையாட்டுக்கு ஒரு எண் என்று உட்கார்ந்து ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு பிற்பகல் வேலை.

திரையின் துடிப்பும் நேரம்தான். விஜிஏ-யின் 320×200 வினாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு பத்துப் படம் விழுந்துவிடும். நகரும் பின்னணி தட்டித் தட்டிப் போகும். மாறும் வேகத் திரை உள்ளவர்களுக்காவது 70-ஐத் திறந்துவிடுங்கள். பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் கணினி விளையாட்டுகளும் ஐரோப்பியக் கமடோர் விளையாட்டுகளும் 50-ல் எழுதப்பட்டவை. அவற்றை 60 ஹெர்ட்ஸ் திரையோடு பூட்டினால் இசையும் எதிரிகளும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். 1983-ன் மேனிக் மைனர் ஏற்கெனவே கொடூரமான விளையாட்டு, அதற்கு மேலும் உதவி தேவையில்லை.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் மாஷ் தொடரின் டிவிடி-யில் சிரிப்பொலியை நிறுத்தும் தேர்வு இருந்தது. அறுவைசிகிச்சை அறைக் காட்சிகளில் முதலிலிருந்தே சிரிப்பொலி கிடையாது. பிரிட்டனில் பெரும்பாலும் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பானது. ஆகவே அங்கே இரண்டு ஒலித்தடமும் நியாயமே, இரண்டையும் வையுங்கள். நேரடிப் பார்வையாளர் சிரித்த தொடரில் சிரிப்பை அழிக்க முயலாதீர்கள். நடிகர் சும்மா விழித்துக்கொண்டு நிற்பார். பாடல் உரிமைக்குப் பணம் கட்டாமல் இசையை மாற்றுவது அடுத்தது. 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய தொடர். அதில் பாட்டை மாற்றினால் பாட்டைப் பற்றிய வசனம் அந்தரத்தில் தொங்கும். 2014-ல் வந்த வட்டுத் தொகுப்பு பெரும்பாலான பாடல்களைத் திரும்ப வாங்கிச் சேர்த்தது.

விளையாட்டுகளில் ரோலண்ட் எம்டி-32 என்ற ஒலிப்பெட்டியைத் தெரியாதவர்கள் செய்யும் தவறு ஒன்று. 1988-ன் கிங்ஸ் குவெஸ்ட் நான்காம் பாகத்திலிருந்து சியரா அந்த ஒலிப்பெட்டிக்கென்றே இசை எழுதியது. பின்னால் வந்த, வாத்தியங்களுக்குப் பொதுவான எண் தரும் பொது மிடி (General MIDI) முறையில் வாத்திய எண்கள் வேறு. எம்டி-32 இசையைப் பொது மிடிக்கு அனுப்பினால் புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து நிற்கும். விளையாட்டே அனுப்பும் தனி ஒலி வடிவங்கள் எதுவும் ஏறாது. சியராவின் பல நகைச்சுவை ஒலிகள் அப்படி ஏற்றப்பட்டவைதான். முதல் தலைமுறைப் பெட்டிக்கு வேகமாகச் செய்தி அனுப்பினால் திணறி நின்றுவிடும் என்பதால், அமைப்பில் 'டிலே சிஸ்எக்ஸ்' என்ற தேர்வையும் போட வேண்டும்.

இனி, உங்கள் கிடங்கில் இன்னும் திறக்கப்படாத பெட்டிகளைப் பற்றி.

பிபிசி-யில் 1978 வரை பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் காப்பதற்கு முறையான ஏற்பாடு இல்லை. இரண்டு அங்குல டேப் விலை அதிகம், ஆகவே அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். டாட்ஸ் ஆர்மியின் 80 அத்தியாயங்களில் மூன்று இன்றும் கிடைக்கவில்லை. 1969-ல் வண்ணத்தில் எடுத்த ஓர் அத்தியாயத்துக்குக் கருப்பு வெள்ளைப் பிலிம் நகல் மட்டும் மிஞ்சியது. மானிட்டர் திரையைப் பிலிமில் படம் பிடித்தபோது வண்ண அலையை வடிகட்டாமல் விட்டிருந்ததால் படம் முழுக்க நுண்ணிய புள்ளி வலை. பல ஆண்டுகளாக அது வெறும் கறை. அந்தப் புள்ளிகளுக்குள் நிறம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, மென்பொருளால் படித்து, 2008 டிசம்பரில் அதே அத்தியாயத்தை வண்ணத்தில் ஒளிபரப்பினார்கள். இடையில் யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று புள்ளிகளைத் துடைத்துவிட்டு, துடைத்ததை மட்டும் சேமித்திருந்தால் நிறம் நிரந்தரமாகப் போயிருக்கும்.

ஆகவே, முதலில் கைபடாத நகல். டேப்புக்கும் லேசர் வட்டுக்கும் கருவியின் படிக்கும் தலை பெறும் அலையையே நேரடியாகப் பதிவு செய்யும் முறை இப்போது இருக்கிறது. டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் கருவி வினாடிக்கு 4 கோடி மாதிரி எடுக்கும். படமாக மாற்றுவது பிறகு, மென்பொருளில். நாளை நல்ல மென்பொருள் வந்தால் டேப்பை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. ஃபிளாப்பிக்கும் இதே தத்துவம். கிரீஸ்வீசில் போன்ற மலிவான பலகை காந்த மாற்றங்களின் இடைவெளியையே பதிவு செய்யும். 1.44 எம்பி வட்டின் சாதாரண நகல் 80 தடம், 2 பக்கம், 18 பகுதி, 512 பைட் என்று 14,74,560 பைட்தான். காந்தப் பதிவு பல மடங்கு பெரிது. ஆனால் நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே பலவீனமாக எழுதிய, ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகப் படிக்கப்படும் இடங்கள் அதில்தான் தெரியும். சாதாரண நகல் அங்கே ஏதோ ஒரு விடையை எழுதிவிட்டுப் போய்விடும், விளையாட்டு பாதியில் உங்களைத் திருடன் என்று சொல்லும்.

சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் கிடந்த வட்டு என்றால் முதலில் ஷட்டரை விலக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெண்பூசணம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். பூசணம் தலையில் ஒட்டி, அடுத்த சுற்றில் காந்தப் பூச்சையே வட்ட வட்டமாகச் சுரண்டும், அதன்பின் வரும் நல்ல வட்டையும் சுரண்டும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, நடுக்குடத்தை விரலால் சுற்றிக்கொண்டே இரு பக்கமும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஒரே தடவை படியுங்கள். படித்ததும் தலையையும் துடையுங்கள்.

அட்டைப் பெட்டியில் இருந்தவற்றையும் விட்டுவிடாதீர்கள். 1984-ல் இன்ஃபோகாம் வெளியிட்ட ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு விளையாட்டை டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் எழுதினார்கள். ஆடம்ஸின் அதே கதை 1981-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. விளையாட்டுப் பெட்டிக்குள் நுண்ணோக்கி அளவு விண்கலப் படை என்று சொல்லி ஒரு சிறிய பிளாஸ்டிக் பை இருக்கும். பை காலி. அதை ஸ்கேன் செய்து போட ஒரு நிமிடம் ஆகுமா? மங்கி ஐலண்ட் விளையாட்டோடு வந்த கடற்கொள்ளையர் சக்கரமும் அப்படித்தான்: இரண்டு அட்டை வட்டங்களைச் சுற்றி, பாதி முகத்தோடு பாதி முகத்தைப் பொருத்தி, ஆண்டைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். நகல் தடுப்பு என்று நீக்கிவிட்டீர்கள். கட்டாயமாக வேண்டாம், அச்சிட்டு வெட்டி ஒட்டிக்கொள்ள ஒரு கோப்பாகவாவது கொடுங்கள்.

அதே மங்கி ஐலண்டின் 2009 சிறப்புப் பதிப்பில் ஒரு விசை இருக்கிறது. எஃப்10-ஐ அழுத்தினால் புதுப் படம் மறைந்து, நின்ற இடத்திலேயே 1990-களின் படம் வரும். மறுபடி அழுத்தினால் புதியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் கெடாமல். நாங்கள் கேட்பது அந்த விசையைத்தான், தொடர்களுக்கும் சேர்த்து: 4:3, 50 ஃபீல்ட், மூல ஒலி, மூல வேகம். சைன்ஃபெல்டிலிருந்தே தொடங்கலாம். 35 மி.மீ. நெகட்டிவில் குழி இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
பணம் கொடுத்து வாங்கிப் பார்ப்பவர்களும் ஆடுபவர்களும்